குளியலறைச் சுவருக்கு எத்தனை ரைல்ஸ்?

புலம்பெயர்ந்த நாட்டில் வாங்கிய பழைய வீட்டைத் திருத்தும்போதும், ஊரில் வீடு கட்டக் காசு அனுப்பும்போதும், ரைல்ஸ் கணக்கை எம்மவர் பலர் வேலைகாரரிடமே விட்டுவிடுகிறார்கள். குறைந்தால் வேலை நிற்கும். கூடினால் காசு முடங்கும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் இக்கணக்கைப் போடலாம்.

நீளம் 2.4 மீற்றர், அகலம் 1.8 மீற்றர், உயரம் 2.4 மீற்றர் கொண்ட குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்களின் மொத்த நீளம் 8.4 மீற்றர். உயரத்தால் பெருக்கினால் 20.16 சதுர மீற்றர். கதவின் பரப்பு (0.8 × 2.0) 1.60. அதைக் கழித்தால் 18.56.

பழைய வீடுகளில் சுவர் நேராக இராது. அடியிலும் நடுவிலும் மேலேயும் அளந்து, கூடிய அளவையே எடுங்கள்.

சிறிய யன்னலைக் கழிக்க அவசரப்பட வேண்டாம். 60 சென்ரிமீற்றர் சதுர யன்னலின் பரப்பு 0.36 சதுர மீற்றர். 15 சென்ரிமீற்றர் ஆழமுள்ள அதன் உட்பக்கங்கள் நான்கிலும் ரைல்ஸ் பதித்தால் அதற்கும் அதே 0.36 தேவை.

வெட்டும்போதும் உடையும்போதும் வீணாவதற்கு 10 சதவீதம் கூட்டுவது வழக்கம். சாய்வாகப் பதிப்பதென்றால் 15 சதவீதம். 10 சதவீதம் சேர்த்தால் 20.42 சதுர மீற்றர்.

30 × 60 சென்ரிமீற்றர் ரைல் ஒன்றின் பரப்பு 0.18. ஆகவே 114 ரைல்ஸ் வேண்டும். பெட்டிக்கு 8 என்றால் 14 பெட்டி போதாது. 15 வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே முறையில் வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்ட தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இலக்கம் மாறினால் நிறமும் சற்று மாறலாம். சுவரில் பதித்த பின்னரே அது கண்ணில் படும். மிஞ்சும் ரைல்ஸை எறியாதீர்கள். நாளை குழாய் திருத்தச் சுவரை உடைத்தால் அவைதான் கைகொடுக்கும்.

ஊரில் கணக்கு பெரும்பாலும் சதுர அடியில்தான் வரும். ஒரு சதுர மீற்றர் 10.76 சதுர அடி. மேலே சொன்ன 20.42 சதுர மீற்றர் ஏறக்குறைய 220 சதுர அடி. காசு அனுப்புமுன் மொத்தத் தொகையை மட்டும் கேட்காமல், ஒவ்வொரு சுவரின் நீளம், உயரம், ரைலின் அளவு, பெட்டிக்கு எத்தனை என்பவற்றையும் கேட்டு வாங்குங்கள். இவை கையில் இருந்தால், எத்தனை ஆயிரம் மைல் தள்ளியிருந்தாலும் கணக்கு சரியா என்று நீங்களே பார்க்கலாம்.