தெனாரியஸ்

தெனாரியஸ் என்பது பண்டைய ரோமின் முதன்மை வெள்ளி நாணயம். இரண்டாம் பியூனிக் போரின்போது, ஏறத்தாழ கி.மு. 211இல் அறிமுகமானது. தொடக்க மதிப்பு 10 ஆஸ் வெண்கலக் காசுகள், பின்னர் 16. முற்கால நாணயங்களின் முன்புறத்தில் தலைக்கவசம் தரித்த ரோமா தேவியும், பின்புறத்தில் குதிரையேறிய இரட்டையர் காஸ்டர், போலக்ஸும் இடம்பெற்றனர். பிற்காலத்தில் அக்கசாலை அலுவலர்கள் தம் குலமுன்னோரின் புகழைப் பொறித்தனர். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் வாழ்ந்தபோதே அவர் முகம் காசில் ஏறியது. அவரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட தெனாரியஸ் குறியீட்டுச் செறிவில் தனித்து நிற்கிறது: இரு குத்துவாள்கள் கொலையையும், அவற்றிடையே உள்ள, விடுதலையான அடிமைகள் அணியும் தொப்பி சுதந்திரத்தையும் உணர்த்தும்; கீழே கொலை நிகழ்ந்த மார்ச் நாளின் பெயர் உள்ளது. வணிகத்தின் வழியே தெனாரியஸ் தமிழகத்துக்கும் வந்தது: பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத் தெனாரியஸ்கள் கோயம்புத்தூர் வட்டாரப் புதையல்களில் மிகுதி. பேரரசர் நீரோ கி.பி. 64இல் தெனாரியஸின் எடையையும் வெள்ளித் தூய்மையையும் குறைத்தார். 3ஆம் நூற்றாண்டில் அந்தோனினியானஸ் என்னும் நாணயம் இதன் இடத்தைப் பெற்றது.