வீடியோ கேம்களின் சேமிப்பிடத் தேவை

ஒரு வீடியோ கேம் பிடிக்கும் இடம் அரை நூற்றாண்டுக்குள் சில கிலோபைட்டிலிருந்து நூறு ஜிகாபைட்டைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. படத் தெளிவு கூடியதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது ஓரளவே சரி. சேமிப்பிடம், செயலியின் திறன், தரவைப் படிக்கும் வேகம் ஆகியவற்றுள் ஒவ்வொரு காலத்திலும் எது அரிதோ அதை மிச்சப்படுத்த, எது தாராளமோ அது செலவிடப்பட்டது. இன்றைய பருமனில் பெரும்பங்கு அந்தக் கணக்கின் விளைவு.

தொடக்கத்தில் சேமிப்பிடமே அரிது. 1977இல் வந்த அடாரி 2600 கன்சோலின் ஆரம்பகாலக் கார்ட்ரிட்ஜ்களில் 2 அல்லது 4 கே.பி. மட்டுமே இருந்தது. 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் உருவாக்கிய ‘எலைட்’, தலா 256 உலகங்கள் கொண்ட 8 விண்மீன் திரள்களை எங்கும் எழுதிவைக்கவில்லை; சில எண்களிலிருந்து வேண்டும்போது கணக்கிட்டுக்கொண்டது. 1985இன் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ 40 கே.பி.க்குள் அடங்கியது. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே ஓவியம்தான். நிறம் மட்டுமே வேறு.

1990களில் குறுந்தகடு வந்ததும் நிலைமை தலைகீழானது. ஏறத்தாழ 650 எம்.பி. கொள்ளும் தகடு மலிவாகக் கிடைத்தது. ஆனால் அதிலிருந்து படிப்பது மெதுவாக நடந்தது. நிண்டெண்டோ 64 (1996) விரைவாகப் படிக்கக்கூடிய கார்ட்ரிட்ஜையே தொடர்ந்தது. அதன் மிகப் பெரிய கார்ட்ரிட்ஜ்கள்கூட 64 எம்.பி.தான். ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ (1997) நிண்டெண்டோவை விட்டு சோனியின் பிளேஸ்டேஷனுக்குப் போய் 3 தகடுகளில் வெளியானது. இடப் பற்றாக்குறைதான் பிரிவுக்குக் காரணம் என்பது பரவலான கருத்து. கார்ட்ரிட்ஜின் விலையும் வணிக உறவுகளும் எவ்வளவு பங்கு வகித்தன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இதற்கு மறுமுனையில் நிற்கிறது ‘ரெசிடென்ட் ஈவில் 2’. பிளேஸ்டேஷனில் 2 தகடுகளை நிரப்பிய அந்த ஆட்டத்தை, ஏஞ்சல் ஸ்டூடியோஸ் 1999இல் 64 எம்.பி. கார்ட்ரிட்ஜ் ஒன்றுக்குள் கொண்டுவந்தது. வீடியோக் காட்சிகளை வெட்டி எறியாமல் கடுமையாகச் சுருக்கி, விரிக்கும் வேலையைக் கருவியின் செயலியிடம் விட்டார்கள். மூலப் பதிப்பில் இல்லாத புதிய ஆவணங்கள் சிலவற்றுக்கும் அதிலேயே இடம் கண்டார்கள். பெரிய ஆட்டத்துக்குப் பெரிய இடம் தவிர்க்க முடியாதது என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல மறுப்பைக் காண்பது கடினம். டிவிடியும் 2006இல் பிளேஸ்டேஷன் 3 கொண்டுவந்த புளூ-ரேயும் இந்த நெருக்கடியைத் தளர்த்தின.

2013க்குப் பிறகு கன்சோல் ஆட்டங்களையும் ஹார்டு டிஸ்கில் நிறுவியே ஆடவேண்டியதாயிற்று. சுழலும் டிஸ்கில் படிமுனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும் நேரமே பெருந்தடை. அதைத் தவிர்க்க, ஒரே பொருளின் தரவை அது தேவைப்படும் இடந்தோறும் திரும்பத் திரும்ப எழுதிவைத்தார்கள். 2018இன் ‘ஸ்பைடர்மேன்’ ஆட்டத்தில் தெருவோரத் தபால்பெட்டி போன்ற சில பொருள்கள் 400 முறை பதிவாகியிருந்ததாக பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020இல் விளக்கினார். ‘டைட்டன்ஃபால்’ (2014) கணினிப் பதிப்பின் 48 ஜி.பி.யில் சுமார் 35 ஜி.பி. சுருக்கப்படாத ஒலிக்கோப்புகள், திறன் குறைந்த செயலிகளுக்கு அவற்றை விரிக்கும் சுமை வேண்டாம் என்பதே நோக்கம். தெளிவின் பங்கையும் மறுப்பதற்கில்லை: மேற்பரப்பில் போர்த்தும் டெக்ஸ்சர் படத்தின் பக்க அளவை இரட்டித்தால் தரவு நான்கு மடங்காகும்.

சேமிப்பிடம் மலிந்துவிட்டதால் இதில் குறைகாண எதுவுமில்லை என்பார்கள். மலிவு உண்மைதான், ஆனால் அந்தச் செலவு உருவாக்குபவர் கணக்கில் ஏறுவதில்லை, ஆடுபவரின் டிஸ்கிலும் இணையக் கட்டணத்திலும் ஏறுகிறது. ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’ (2019) கணினியில் 200 ஜி.பி.யைத் தாண்டியது. போட்டி ஆட்டங்களுக்கு இடமில்லாமல் செய்யவே இப்படி வளர்த்தார்கள் என்ற சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை. 2021இல் ஒரு புதுப்பிப்பு அதன் அளவைக் கணிசமாகக் குறைத்தது. ஆடுபவர்கள் கேட்ட தரத்துக்கான விலை இது என்ற இன்னொரு வாதமும் முழுதாக நிற்கவில்லை. ‘ஹெல்டைவர்ஸ் 2’ கணினிப் பதிப்பு 2025இல் இரட்டைப் பதிவுகளை நீக்கி ஏறத்தாழ 150 ஜி.பி.யிலிருந்து 23 ஜி.பி.க்கு இறங்கியபோது திரையில் எதுவும் குறையவில்லை.

நகரும் படிமுனையே இல்லாத எஸ்எஸ்டி பரவியதால் இரட்டைப் பதிவின் தேவை குறைந்துவருகிறது. மறுபுறம், தரவு ஆடுபவரின் டிஸ்கை விட்டே வெளியேறுகிறது: 2020இன் ‘மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்’ 2 பெட்டாபைட்டுக்கும் மேற்பட்ட நிலவரைபடத் தரவைத் தன் சர்வர்களிலிருந்து இணையம் வழியே வரவழைக்கிறது. ஐரோப்பாவில் விற்ற அதன் பெட்டிப் பதிப்பில் மட்டும் 10 டிவிடிகள் இருந்தன. 2025இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கான சில கார்ட்ரிட்ஜ்களில் ஆட்டமே கிடையாது, அதைப் பதிவிறக்குவதற்கான அனுமதி மட்டுமே உண்டு.