வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகம்: வரைபடங்களும் கட்டடங்களும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் நகரில் உள்ள வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மூல வளாகம், அந்நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் (1743–1826) வரைந்த படங்களின்படி 1817-இல் கட்டத் தொடங்கப்பட்டது. நீண்ட புல்வெளியின் இருபுறமும் ஐந்தைந்தாகப் பத்துப் பெவிலியன்கள் (பேராசிரியர் வீடும் வகுப்பறையும் சேர்ந்த கட்டடங்கள்), அவற்றை இணைக்கும் தூண்வரிசைத் தாழ்வாரங்கள், தாழ்வாரங்களை ஒட்டி மாணவர் அறைகள், வடக்கு முனையில் ரோட்டண்டா எனப்படும் குவிமாடக் கட்டடம் ஆகியவை இதன் உறுப்புகள். புல்வெளியை லான் என்றே அழைக்கிறார்கள். ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ இல்லத்தையும் இவ்வளாகத்தையும் சேர்த்து 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இக்கட்டடங்களில் சில எரிந்தன, சில உருமாறின, சில பழைய நிலைக்குத் திருப்பப்பட்டன. எது மூலம், எது பிற்சேர்க்கை என்ற வழக்கு எழுந்தபோதெல்லாம் சாட்சி சொன்னவை அந்தப் படங்கள்தாம்.

கருத்தும் நிலமும்

கல்லூரி முழுவதையும் ஒரே பெரிய மாளிகைக்குள் அடைக்கும் வழக்கத்தை ஜெஃபர்சன் ஏற்கவில்லை. ஒரு கூரையின் கீழ் எல்லோரும் இருந்தால் தீயும் தொற்றுநோயும் எளிதில் பரவும், இரைச்சலில் படிப்பும் நடக்காது என்பது அவர் வாதம். டென்னசியில் ஒரு கல்லூரியின் பொறுப்பாளர்களுக்கு 1810-இல் எழுதிய கடிதத்தில் அவர் மாற்று வழி சொன்னார்: ஒவ்வொரு பேராசிரியருக்கும் தனி வீடு, அதன் கீழ்த்தளத்தில் வகுப்பறை, மேலே குடியிருப்பு, வீடுகளுக்கு இடையே மாணவர் அறைகள், அவற்றை இணைக்க மழை வெயில் படாத நடைவழி. மொத்தத்தில் ஒரு கல்விக் கிராமம். ஆல்பமார்ல் அகாடமி என்ற பள்ளிக்காக 1814-இல் அவர் வரைந்த படத்தில் இந்தக் கருத்து முதன்முதலாக அளவுகளோடு தாளில் இறங்கியது. சதுரத்தின் மூன்று பக்கங்களில் ஒன்பது பெவிலியன்கள், நான்காம் பக்கம் திறந்தவெளி. அந்தப் பள்ளி கட்டப்படவே இல்லை. அது 1816-இல் சென்ட்ரல் கல்லூரியாகப் பெயர் மாறி, 1819-இல் மாநிலப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

படத்தில் இருந்த அகன்ற சதுரம் கிடைத்த நிலத்தில் பொருந்தவில்லை. வாங்கியது குறுகிய மேட்டுநிலம். 1817 ஜூலையில் ஜெஃபர்சன் தாமே கயிறு பிடித்து முளை அடித்து எல்லை குறித்தபோது, புல்வெளியின் அகலம் ஏறத்தாழ 200 அடிக்குச் சுருங்கியது. சரிவுக்கு ஏற்ப நிலம் தெற்கு நோக்கிப் படிப்படியாக இறக்கப்பட்டது. இன்று பார்ப்பவர்கள் வியக்கும் நீண்ட பார்வைக்கோடு முதல் திட்டத்தில் இல்லாதது. நிலம் கொடுத்த நெருக்கடியில் பிறந்தது. தெற்கே போகப் போகப் பெவிலியன்களுக்கு இடையிலான தூரம் கூடுகிறது.

கட்டம் போட்ட தாள்

ஜெஃபர்சன் முறையாகப் பயின்ற கட்டடக் கலைஞர் அல்லர். இளமையில் மையால் கோடு இழுத்து வரைந்தவர், 1780-களில் பிரான்சில் தூதராக இருந்த பிறகு, சிறு கட்டங்கள் அச்சிடப்பட்ட தாளில் பென்சிலால் வரையும் பழக்கத்துக்கு மாறினார். கட்டங்களை எண்ணினாலே அளவு தெரிந்துவிடும். பெவிலியன் படங்களின் பின்பக்கத்தில் அறைகளின் நீள அகலம், சுவர்க் கனம், தேவைப்படும் செங்கல் எண்ணிக்கை என்று குறிப்புகள் எழுதினார். வடிவத்தைக் காட்டும் படமும் கொத்தனாருக்கான மதிப்பீடும் ஒரே தாளில் இருந்தன. அழகுக்காக நிழலும் வண்ணமும் தீட்டிய காட்சிப் படங்களைவிட இந்த உலர்ந்த தாள்கள் வரலாற்றுக்கு அதிகம் பயன்பட்டிருக்கின்றன.

எல்லாம் அவர் மூளையில் உதித்ததல்ல. 1817 கோடையில் வில்லியம் தார்ன்டன், பெஞ்சமின் லட்ரோப் ஆகிய இருவருக்கும் கடிதம் எழுதி யோசனை கேட்டார். வாஷிங்டனின் நாடாளுமன்றக் கட்டடத்தோடு தொடர்புடையவர்கள் இருவரும். தார்ன்டன் அனுப்பிய முகப்பின் சாயலில்தான் முதலில் கட்டப்பட்ட ஏழாம் பெவிலியன் அமைந்தது. 1817 அக்டோபர் 6 அன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்ரோ முன்னிலையில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். நடுவில் எதுவுமில்லாத திட்டத்துக்கு, மையத்தில் குவிமாடத்துடன் ஒரு பெரிய கட்டடம் வேண்டும் என்று சொன்னவர் லட்ரோப். ரோட்டண்டா என்னும் எண்ணத்தின் விதை அங்கே இருக்கிறது. ஒன்பதாம் பெவிலியனின் படத்தில் லட்ரோப்பின் பெயரை ஜெஃபர்சனே குறித்திருக்கிறார். வளாகத்தின் புகழ் முழுவதையும் ஒருவருக்கே எழுதி வைத்த பிற்கால எழுத்தாளர்கள் அந்தத் தாளைப் பார்த்திருந்தால் நிதானித்திருப்பார்கள்.

பத்துப் பெவிலியன்களில் ஒன்றைப்போல மற்றொன்று இல்லை. டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்னும் பழைய தூண்முறைகளை வெவ்வேறு ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து ஒவ்வொன்றுக்கும் பொருத்தினார். கட்டடக் கலை கற்பிக்கும் ஆசிரியருக்கு வளாகமே மாதிரிக் கூடமாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். மாதிரிகள் வந்தது புத்தகங்களிலிருந்து, முதன்மையாக இத்தாலியர் ஆந்திரேயா பல்லாடியோவின் நூலின் ஆங்கிலப் பதிப்பிலிருந்து. ஜெஃபர்சன் இத்தாலியில் மிலான், ஜெனோவா வரை போனவர், ரோமாபுரியைக் கண்டதில்லை.

ரோட்டண்டா

ரோமின் பாந்தியன் கோயிலைப் பாதி அளவுக்குக் குறைத்து வரையப்பட்டது ரோட்டண்டா. விட்டமும் உயரமும் ஏறத்தாழ 77 அடி. அதன் வெட்டுப் படத்தில் கட்டடத்துக்குள் ஒரு முழு வட்டம் அடங்குவதைக் காணலாம்; கணக்கு முழுவதும் அந்த வட்டத்தில் இருக்கிறது. கீழ் இரு தளங்களில் நீள்வட்ட அறைகள், மேலே குவிமாடத்தின் கீழ் நூலகம். அக்காலக் கல்லூரிகளில் தேவாலயத்துக்கு ஒதுக்கப்படும் முதன்மை இடத்தில் நூலகத்தை வைத்ததுதான் இத்திட்டத்தின் துணிச்சலான முடிவு. குவிமாடத்துக்கு, பலகைத் துண்டுகளை அடுக்கி வளைவாக்கும் பிரெஞ்சு முறையைப் பயன்படுத்தினார். பாரிஸின் தானியச் சந்தைக் கூரையில் அவர் பார்த்து மயங்கிய முறை அது. மரவேலையை ஜேம்ஸ் டின்ஸ்மோர், ஜான் நீல்சன் என்னும் இரு தச்சர்கள் ஏற்றார்கள். இருவரும் அயர்லாந்திலிருந்து வந்து மான்டிசெல்லோவில் வேலை செய்தவர்கள். தூண் தலைகள் தொல்லை கொடுத்தன. அவற்றைச் செதுக்க இத்தாலியிலிருந்து சிற்பிகளை வரவழைத்தும், உள்ளூர்க் கல் நுண்வேலைக்கு இடம் தரவில்லை. கடைசியில் இத்தாலியின் கராராவில் பளிங்கில் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்தார்கள்.

வகுப்புகள் 1825 மார்ச்சில் தொடங்கின. 1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தபோது ரோட்டண்டா முடிந்திருக்கவில்லை.

தீயும் மாற்றமும்

மாணவர் தொகை பெருகவே, ராபர்ட் மில்ஸ் வடிவமைத்த நீண்ட இணைப்புக் கட்டடம் ஒன்று 1853-இல் ரோட்டண்டாவின் வடக்கே ஒட்டவைக்கப்பட்டது. 1895 அக்டோபர் 27 அன்று தீ பிடித்தது அதில்தான். இரண்டையும் இணைத்த பகுதியை வெடிவைத்துத் தகர்த்துத் தீயைத் தடுக்கப் பேராசிரியர் ஒருவர் முயன்றார், பலிக்கவில்லை. மாணவர்கள் உள்ளே புகுந்து நூல்களில் ஒரு பகுதியையும் ஜெஃபர்சனின் பளிங்குச் சிலையையும் காப்பாற்றினார்கள். ரோட்டண்டாவில் செங்கற்சுவர்களே மிஞ்சின.

மறுகட்டுமானம் நியூயார்க்கின் ஸ்டான்ஃபோர்டு வைட்டிடம் போனது. அவர் ஒரு தளத்தையே எடுத்துவிட்டு, இரு தள உயரத்துக்கு ஒரே நூலக மண்டபம் அமைத்தார். மரக் குவிமாடத்துக்குப் பதில் தீப்பிடிக்காத குவாஸ்டவினோ ஓடுகளால் குவிமாடம் எழுப்பினார். நூலகத்துக்குக் கூடுதல் இடம் அப்போது உண்மையாகவே தேவைப்பட்டது. அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது. புல்வெளியின் தெற்கு முனையில் அவர் செய்தது வேறு. மலைகளை நோக்கித் திறந்திருந்த பக்கத்தில் கேபெல் ஹாலையும் துணைக் கட்டடங்களையும் எழுப்பிப் பார்வையை அடைத்தார். மூலத் திட்டத்துக்கு நேர்ந்த இழப்புகளில் இதுவே பெரியது.

படங்கள் மீண்டும் பேசின

பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஜெஃபர்சன் யோசனை சொன்னவர் மட்டுமே, வரைந்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. ஃபிஸ்க் கிம்பால் 1916-இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. தாளின் வகை, கோட்டின் தன்மை, கையெழுத்து ஆகியவற்றைக் கொண்டு படங்களுக்குக் காலம் கணித்து, ஜெஃபர்சனை வரைகலைஞராக நிறுவினார் அவர். 1919-இல் அதே பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைத் துறையைத் தொடங்கியவரும் அவரே.

நூலகம் 1938-இல் வேறு கட்டடத்துக்குப் போனபின், வைட் அமைத்த மண்டபத்துக்கு வேலை குறைந்தது. படங்களைப் பட்டியலிட்டவரான பேராசிரியர் ஃபிரெடெரிக் நிக்கல்ஸின் முயற்சியால், 1973–76-இல் வைட்டின் உட்புறம் அகற்றப்பட்டு ஜெஃபர்சனின் மூன்று தளங்களும் நீள்வட்ட அறைகளும் மறுபடி அமைக்கப்பட்டன. குவிமாடத்தின் ஓட்டுக்கூடு மட்டும் வைட்டுடையதாகவே நின்றது. ஆக, இன்றைய ரோட்டண்டாவின் உட்புறம் பழைய கட்டடம் அன்று. பழைய படத்தின்படி எழுந்த புதியது. 2012–16 சீரமைப்பில் தூண் தலைகள் மறுபடியும் கராராவில் செதுக்கி மாற்றப்பட்டன. அப்போது கீழ்த்தளச் சுவருக்குள் வேதியியல் வகுப்புக்கான பழைய அடுப்பு ஒன்று வெளிப்பட்டது. செங்கல் வைத்து மூடப்பட்டிருந்ததால் 1895 தீயிலும் அது தப்பியிருந்தது.

படங்கள் காட்டாத ஒன்று உண்டு. நிலத்தைச் சமன் செய்ததிலிருந்து செங்கல் அறுத்துச் சுட்டது, சுமந்தது வரை பெரும்பகுதி உழைப்பு அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களுடையது. கட்டி முடித்த பின்னும் சமையல், துப்புரவு, விறகு எல்லாம் அவர்கள் கையில்தான். பெவிலியன்களின் பின்னே ஜெஃபர்சன் வரைந்த வளைந்து நெளியும் ஒற்றைச் செங்கல் மதில்களைப் புகழாத கட்டுரை இல்லை. அவற்றுக்குள்தான் அந்த வேலைகள் நடந்தன. 1865 வரை இங்கே உழைத்தவர்கள் ஏறத்தாழ 4,000 பேர் எனப் பல்கலைக்கழகம் கணக்கிடுகிறது. அவர்களுக்கான நினைவிடம், ரோட்டண்டாவின் விட்டத்தை நினைவூட்டும் வட்ட வடிவில் 2020-இல் கட்டி முடிக்கப்பட்டது.

ஜெஃபர்சனின் மூலப் படங்களைப் பல்கலைக்கழகத்தின் சிறப்புத் தொகுப்பு நூலகம் பாதுகாத்து வருகிறது. அவை இணையத்திலும் காணக் கிடைக்கின்றன. ரோட்டண்டாவின் வெட்டுப் படத்திலிருந்து தொடங்கலாம். தாள்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தவற வேண்டாம்.