900-ஆம் ஆண்டின் ஒரு கடன் பைசல்

"நயினார், பிலிப்பைன்ஸையும் நம்ம சோழர்தான் ஆண்டாங்களாமே, அங்கே செப்பேடே கிடைச்சிருக்காம், நீங்க எழுதக்கூடாதா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. செப்பேடு கிடைத்தது உண்மை. சோழர்தான் அதில் இல்லை.

மணிலாவை அடுத்த லகுனா மாகாணத்தில், லும்பாங் ஆற்றில் மணல் அள்ளும்போது 1989-இல் அகப்பட்ட தகடு அது. மறு ஆண்டு அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகம் அதை வாங்கியது. மின்டோரோ தீவின் மாங்கியான் மக்களோடு வாழ்ந்த டச்சு அறிஞர் அந்தோன் போஸ்மா அதைப் படித்து வெளியிட்டார். அந்நாட்டில் கிடைத்த, காலம் குறித்த ஆவணங்களில் இதுவே மிகப் பழையது.

சக ஆண்டு 822, வைசாக மாதம், தேய்பிறைச் சதுர்த்தி, திங்கட்கிழமை. அதாவது கி.பி. 900 ஏப்ரல் 21. மெய்க்கீர்த்தி கிடையாது, போர் கிடையாது. நம்வரன் என்பவரின் கடன் தீர்ந்ததாக அவருடைய மக்கள் அங்காதன், புகா இருவருக்கும் கொடுத்த விடுதலைப் பத்திரம். கடன் 1 கட்டி 8 சுவர்ணம் தங்கம். மலேசியாவில் கடை வைத்திருந்த பெரியவர்களுக்குக் கட்டி என்ற நிறை தெரிந்திருக்கும். மொத்தம் சுமார் 926 கிராம் என்கிறார்கள். நம் கணக்கில் 115 சவரனுக்கு மேல்! அதிகாரிகளில் ஒருவர் பெயர் ஜெயதேவர். (நம் பெங்களூர் ஜெயதேவா ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறதல்லவா?) ஊர்த் தலைவர்கள் பெயர்களும் வரிசையாக வருகின்றன. நாற்பது வருஷம் பற்று வரவு எழுதியவன் நான். பைசல் ஆன கணக்கைப் பிள்ளைகள் காலத்தில் எவனும் கிளறக் கூடாது என்ற கவலை எனக்குப் புரியும். "பிற்காலத்தில் யாரேனும் கடன் தீரவில்லை என்றால்" என்ற கருத்தில் தொடங்கும் வாக்கியம் பாதியில் நின்றுபோகிறது. அடுத்த தகடு இருந்திருக்க வேண்டும்.

மொழி பழைய மலாய், வடசொற்கள் நிறைய. எழுத்து சாவகத்துக் கவி எழுத்து, அதற்கு மூலம் நம் பல்லவ எழுத்து. நமக்குள்ள உறவு அவ்வளவுதான், அதுவே பெரிது. இராசேந்திரன் கடாரம் கொண்டது 1025-இல், இந்தத் தகட்டுக்கு 125 வருஷம் பிந்தி. செபுத் தீவின் ஸ்ரீ லுமாய் சோழ இளவரசன் என்பது வாய்மொழிக் கதை. அக்கால ஆவணம் ஒன்றும் அதற்கு இல்லை.

அந்நாட்டார் தங்கள் பெருமையையே உரைத்துப் பார்த்தவர்கள். 1433-இல் எழுதியதாகப் பாடநூல்களில் இருந்த கலந்தியாவ் சட்டம் போலி என்று 1968-இல் வில்லியம் ஹென்றி ஸ்காட் மணிலா சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக ஆய்வேட்டில் காட்டினார்.

நமக்கு வேண்டியவர் ஹுவான் பிரான்சிஸ்கோ. பிலிப்பைன்ஸ்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். மரனாவோ மக்களின் இராமகதையான 'மகாராதியா லாவானா'வை வெளிக்கொணர்ந்தவரும் அவரே. தனிநாயக அடிகள் முன்னின்று 1966-இல் கோலாலம்பூரில் நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்குத் தம் நாட்டு மொழிகளில் தமிழ்ச் சொற்களாக இருக்கக்கூடியவை பற்றி எழுதினார். 'இருக்கக்கூடியவை', கவனியுங்கள். மணிலாச் சந்தைக்குப் போகிறவர்கள் 'மலுங்காய்' கீரையைக் கேட்டுப் பாருங்கள். நம் முருங்கைதான், பெயர் மலாய் வழியாகப் போயிருக்கிறது.