இராயப்பரின் ஊர்: அலைக்குக் காத்திருந்தவர்கள்

ராயபுரம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காசிமேட்டு மீன், கன்டெய்னர் லாரி, 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பின ஸ்டேஷன். ஆனா அந்தப் பேர்ல ஒரு மீனவர் இருக்கார். இயேசுவின் சீடரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்று அழைத்து வந்தார்கள். ஊர்ப்பெயர் அவரிடமிருந்து வந்தது என்பதுதான் பரவலான விளக்கம்.

ராயபுரத்தில் இருக்கிற புனித பேதுரு ஆலயம் 1820-களில் எழுந்தது. அதைக் கட்டினவங்க வெள்ளைக்கார அதிகாரிகள் இல்ல. கிழக்கிந்திய கம்பெனிக்குப் படகு ஓட்டிய குருகுல வம்சக் கிறிஸ்தவர்கள். நம்பிக்கை, பொறுமை, இந்த ரெண்டு வார்த்தையையும் இன்னைக்கு அவங்க வழியாப் பார்க்கலாம்.

அப்போ சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கவர்னர் வந்தாலும் சரி, துணி மூட்டை போனாலும் சரி, கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல மசூலா படகுதான். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து செய்த படகு, ஆணியே கிடையாது. அலை மோதும்போது ஆணி அடிச்ச படகு உடையும், தைத்த படகு வளைஞ்சு கொடுக்கும். உள்ளே கசியுற தண்ணியை ஓயாம இறைச்சுக்கிட்டே இருக்கணும்.

இந்த வேலையோட சூட்சுமமே காத்திருப்புதான். ஒரு அலை உடைஞ்சு, அடுத்தது எழுறதுக்குள்ள துடுப்பு போட்டாகணும். அவசரப்பட்டா படகு கவிழும், தயங்கினாலும் கவிழும். கடல் ரொம்பக் கொந்தளிச்சா கரையில் எச்சரிக்கைக் கொடி ஏறும், யாரும் போகக்கூடாது. ஆக, அவங்களுக்குப் பொறுமைங்கிறது கண்ணை விரிச்சு வெச்சுக்கிட்டு, கையில் துடுப்போட செய்யற ஒரு வேலை.

அப்புறம் காலம் மாறிச்சு. 1861-ல் கடலுக்குள்ள ஒரு இறங்குபாலம் வந்தது. 1868, 1872 புயல்கள் அதைச் சிதைச்சுட்டுப் போயிடுச்சு. 1870-களின் பாதியில் செயற்கைத் துறைமுக வேலை ஆரம்பிச்சது. அதே நேரத்துல 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். கப்பலில் வந்த தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலை மாதிரி குவிஞ்சு கிடந்தன. ஊருக்குள்ள ஜனங்க பசியில செத்துக்கிட்டிருந்தாங்க. 1881 நவம்பரில் அடிச்ச புயல், கட்டிக்கிட்டிருந்த அலைதடுப்புச் சுவர்களையும் பெயர்த்துச்சு. ஆனாலும் வேலை நிற்கல. 1890-களின் நடுவில் துறைமுகம் உருவாகிடுச்சு.

கப்பல் நேரா உள்ள வந்து நிக்க ஆரம்பிச்சதும் மசூலா படகுக்கு என்ன வேலை? பரம்பரை பரம்பரையா கடலைப் படிச்ச அறிவு மெல்ல மெல்லத் தேவையில்லாம போச்சு. கோயிலைக் கட்டின தொழில் அழிஞ்சுது. கோயில் நின்னுச்சு.

இங்கதான் ஒரு சங்கடமான கேள்வி வருது. "பொறுமையா இருங்க, கடவுள் பார்த்துப்பார்" என்று சொல்வது, நஷ்டப்பட்டவனை வாயடைக்கிற வசதியான வழியாவும் இருந்திருக்கு. அது விசுவாசமா?

இராயப்பர் கதையையே எடுத்துக்குங்க. மத்தேயு நற்செய்தியில் அவர் தண்ணீர் மேல் நடக்கிறார், காற்றைப் பார்த்து பயப்படுகிறார், மூழ்கத் தொடங்குகிறார். அப்போ அவர் பேசாம மூழ்கல, காப்பாத்தச் சொல்லிக் கத்துறார். கை நீளுது. நம்பிக்கை குறைஞ்சதுக்குக் கண்டிப்பு உண்டு, ஆனா கத்தினதுக்குக் கண்டிப்பு இல்ல. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பொறுமைக்கு வர்ற ஒரு சொல் ஹுப்பொமொனே. பாரத்துக்கு அடியில் விலகாமல் நிற்பது என்பது அதன் வேர்ப்பொருள். பாரமே இல்லைன்னு நடிக்கச் சொல்லல அந்த வார்த்தை.

இந்தக் கடற்கரையில் பாரம் இன்னும் குறையல. துறைமுகச் சுவர் வடக்கு நோக்கிப் போற மணலைத் தடுத்ததால தெற்கே மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்னுச்சு. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டிச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்குள்ள புகுந்து வலை, படகு, அலையாத்தி மரம் எல்லாத்துலயும் கறுப்பா ஒட்டிச்சு. இங்கே வலை வீசுறவங்க எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்ல, அந்தப் படகோட்டிகளின் வாரிசுகளும் இல்ல. ஆனா கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதான்: நாளைக்கு என்னன்னு தெரியாத இடத்துல எப்படி நிக்கறது?

வேலை நிலைக்குமா, வாடகை கட்ட முடியுமான்னு யோசிச்சுக்கிட்டே இதைக் கேட்கறவங்களும் இருப்பீங்க. படகோட்டிகளின் நம்பிக்கை அவங்க தொழிலைக் காப்பாத்தல, அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா கூடி நிற்க ஒரு இடத்தை, நல்ல நாளிலேயே, சேர்ந்து கட்டி வெச்சாங்க. ஏறக்குறைய 200 வருஷம் ஆச்சு. ஆலயத்தில் இன்னைக்கும் ஜனங்க கூடுறாங்க. தண்ணி உள்ள வரும்போது இறைக்கணும், அலை எழும்போது பொறுக்கணும், மூழ்கும்போது கத்தணும். மூணுமே விசுவாசத்துல சேர்த்திதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.