எழுத வந்தது, படிக்க வரவில்லை

"பேரன் நல்லாப் பேசுறான் சார், படிக்கத்தான் வரல, சோம்பேறி" என்று நம் பழைய மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பழைய கதை.

1887 அக்டோபர், பாரிஸ். ஓய்வுபெற்ற துணி வியாபாரி ஒருவருக்குத் திடீரென்று கடைப் பலகைகளைப் படிக்க முடியாமல் போனது. எழுத்து தெரிகிறது, என்ன எழுத்து என்றுதான் தெரியவில்லை. கண் மருத்துவர் லாண்டோல்ட் சோதித்துவிட்டு, நரம்பியல் மருத்துவர் டெஜரினிடம் அனுப்பினார்.

மனிதர் சரளமாகப் பேசினார். எண்களைப் படித்தார், கணக்குப் போட்டார். சொல்லச் சொல்ல எழுதவும் செய்தார். ஆனால் தான் எழுதியதையே படிக்க வரவில்லை! எழுத்தின் மேல் விரலை ஓட்டினால் மட்டும் இன்ன எழுத்து என்று சொல்லிவிடுவார். (மணலில் விரல் தேய எழுதிப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.)

1892 ஜனவரியில் அவர் இறந்தபின் டெஜரின் மூளையைப் பார்த்தார். இடது பாதியின் பின்பகுதியும், இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் பின்முனையும் கெட்டிருந்தன. வலது பாதி பார்த்த எழுத்து, இடது பாதியில் இருக்கும் மொழிப் பகுதிக்குப் போய்ச் சேரவில்லை.

பேச்சு பழையது. எழுத்து பிறந்து ஐயாயிரம் ஆண்டுதான் இருக்கும். படிப்பதற்கென்று மூளையில் பிறவி இடம் கிடையாது. பார்வையையும் மொழியையும் ஒவ்வொரு குழந்தையும் புதிதாகக் கோக்க வேண்டும். சிலருக்கு அது தாமதமாகும்.

பேரனுக்கு அந்த வியாபாரியின் நோய் என்று சொல்லவில்லை அம்மா. டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று ஒருமுறை காட்டிவிடு. அதுவரை அந்தச் சொல் வேண்டாம்.