நாலு தட்டுக்காரர்

நாதஸ்வரக் கச்சேரியில் ஓரமாக நின்று தாளம் போடுகிறவரை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ராகத்தின் பெருமை நாதஸ்வரத்துக்கு, ஆரவாரம் தவிலுக்கு. ஜால்ராவைப் பிடித்திருப்பவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கை ஒரு கணம் பிசகினால் மொத்த மேளமும் தள்ளாடும்.

1930, 40களின் அமெரிக்க பிக் பேண்டுகளில் கிட்டார்காரரின் பிழைப்பும் இதுதான். ஒரு பக்கம் டிரம்பெட், டிராம்போன்களின் முழக்கம். இன்னொரு பக்கம் ஐந்து சாக்ஸபோன்கள். நடுவில் மின்சாரம் இல்லாத ஒரு மரக் கிட்டார். ஒரு தாளவட்டத்துக்கு நாலு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு ஒரு தட்டு. அவ்வளவுதான் வேலை. அந்தக் கிட்டார் காதில் விழக்கூடாது, உடம்புக்குத் தெரிய வேண்டும் என்பது அந்தத் தொழிலில் சொல்லப்படாத சட்டம். கவுன்ட் பேஸி குழுவின் ஃப்ரெடி கிரீன் ஏறக்குறைய ஐம்பது வருடம் இப்படியே தட்டிக்கொண்டிருந்தார், தனி வாசிப்பு என்று அநேகமாக எதுவும் இல்லாமல்.

இந்த வாரத்து நாயகர் கார்மென் மாஸ்ட்ரென், அந்த வம்சத்துக்காரர். 1913இல் நியூயார்க் மாநிலத்தின் கோஹோஸ் என்ற ஊரில் பிறந்தவர். 1936 முதல் 1940 வரை டாமி டார்சியின் புகழ்பெற்ற குழுவில் தாளம் பிடித்தவர். போர் வந்தது. அவர் தோளில் கிட்டாரோடு ராணுவச் சீருடையும் ஏறியது. போய்ச் சேர்ந்த இடம், கிளென் மில்லரின் விமானப்படை வாத்தியக் குழு.

மில்லரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1942 பிப்ரவரியில் ‘சாட்டநூகா சூ சூ’ பாட்டுக்காக ஆர்சிஏ நிறுவனம் அவருக்குத் தங்கம் பூசிய இசைத்தட்டைக் கொடுத்தது. பின்னாளில் வந்த தங்க இசைத்தட்டு மரியாதைக்கெல்லாம் பிள்ளையார் சுழி அதுதான். அவ்வளவு உச்சத்தில் இருந்தவர், அதே வருடம் செப்டம்பரில் குழுவைக் கலைத்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். வயது 38. அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 1943இல் யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்ற விமானப்படையினருக்காகப் புதுக் குழு உருவானது. வழக்கமான பிக் பேண்டோடு இருபது பேர் கொண்ட வயலின் வகையறாவையும் சேர்த்தார். அணிவகுப்புக்கு ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பாட்டையே நடைமெட்டாக்கி வாசித்தார்கள். பழைய அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். நடந்த பையன்களின் கால்கள் சுளிக்கவில்லை.

1944 ஜூன் கடைசியில் குழு லண்டனில் இறங்கியது. அது ஹிட்லரின் பறக்கும் குண்டுகள் லண்டன் கூரைகளின் மேல் உறுமிக்கொண்டு வந்த சமயம். அந்த வி-1 குண்டுகளின் உறுமல் சட்டென்று நின்றால் தலைக்கு மேல் விழப்போகிறது என்று பொருள். ஸ்லோன் கோர்ட் என்ற தெருவில் தங்கவைக்கப்பட்ட தன் ஆட்களை உடனே வேறு ஊருக்கு மாற்ற வேண்டும் என்று மில்லர் பிடிவாதம் பிடித்தார். ஜூலை 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் பெட்ஃபோர்டு நகருக்குக் கிளம்பினார்கள். மறுநாள் காலை அதே தெருவில் குண்டு விழுந்து எழுபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். ஒரு நாள் பிந்தியிருந்தால் இந்த அத்தியாயத்தை நான் எழுத வேண்டியிருக்காது.

பெட்ஃபோர்டில் ஓயாத வேலை. குண்டுவீச்சு விமான நிலையங்களின் கொட்டகைகளில் கச்சேரி, திரும்பி வந்து வானொலிக்கு வாசிப்பு. நேச நாட்டுப் படைகளுக்கென்றே பிபிசி ஒரு தனி அலைவரிசையை ஜூன் 7ஆம் தேதி தொடங்கியிருந்தது. அதில் மில்லர் குழுவுக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. பிபிசி அதிகாரிகளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. குழு மெல்ல வாசிக்கும் இடங்கள், தூரத்தில் கேட்கிறவர்களுக்கு எட்டவே இல்லை, சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மில்லர் மசியவில்லை. ஏற்றமும் இறக்கமும் இல்லாவிட்டால் அது சங்கீதமே இல்லை என்பது அவர் கட்சி. எனக்கு இதில் மில்லர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது, ஆனால் போர்முனையில் பதுங்குகுழிக்குள் ரேடியோவோடு மல்லுக்கட்டியவன் என்ன சொல்லியிருப்பானோ.

பெரிய குழுவுக்குள்ளிருந்து சின்னக் குழுக்களும் முளைத்தன. அதில் ஒன்று ‘அப்டவுன் ஹால்’. பியானோவில் மெல் பவல், கிளாரினெட்டில் பீனட்ஸ் ஹக்கோ, டிரம்ஸில் ரே மெக்கின்லி, கிட்டாரில் நம் மாஸ்ட்ரென். பித்தளை முழக்கம் இல்லாத அந்தச் சின்னக் கூட்டத்தில்தான் அவருடைய தட்டு வெளியே தெரிகிறது. உலர்ந்த, துல்லியமான தட்டு. சோளப்பொரி வெடிப்பதுபோல் இருக்கும்.

அந்த இலையுதிர்காலத்தில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் மில்லர் குழு ஜெர்மன் சிப்பாய்களுக்காக வாசித்தது. அறிவிப்பு ஜெர்மன் மொழியில், மில்லரே தட்டுத்தடுமாறி ஜெர்மனில் பேசினார். பாடகர் ஜானி டெஸ்மண்ட் ஜெர்மனில் பாடினார். ஜாஸ் இசையை 1935இலேயே வானொலியிலிருந்து விரட்டிய அரசாங்கத்தின் சிப்பாய்களைக் கவரத் துண்டுப் பிரசுரத்துக்குப் பதிலாக ஜாஸ்.

டிசம்பர் 15. பாரிஸில் குழுவுக்கு ஏற்பாடு செய்ய மில்லர் முன்கூட்டியே கிளம்பினார். ஒற்றை எஞ்சின் விமானம், மூடுபனி, உள்ளே மூன்று பேர். ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் போனது, வரவில்லை. இன்றுவரை ஒரு துண்டு இரும்பு அகப்படவில்லை. மூன்று நாள் கழித்துக் குழுவினர் பாரிஸில் இறங்கியபோது வரவேற்க மில்லர் இல்லை. 24ஆம் தேதிதான் உலகத்துக்கு அறிவித்தார்கள். குழு நிற்கவில்லை. மேஜர் மில்லரின் நாற்காலி காலி, கச்சேரி தொடர்கிறது.

அந்தப் பாரிஸில் இன்னொரு கிட்டார்காரர் இருந்தார். மாஸ்ட்ரெனுக்கு நேர் எதிர். ஜாங்கோ ராய்ன்ஹார்ட், 1910இல் பெல்ஜியத்தில் ஒரு ஜிப்சி வண்டியில் பிறந்தவர். 1928இல் வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் சுருங்கிப்போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களால் தந்திகளின் மேல் அவர் ஓடிய ஓட்டத்தை ஐரோப்பாவே அண்ணாந்து பார்த்தது. அவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. 1939இல் போர் அறிவிக்கப்பட்டபோது லண்டனில் இருந்தார். அவரோடு வாசித்த வயலின்காரர் கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட, இவர் பாரிஸுக்குத் திரும்பினார். அந்த முடிவு புத்திசாலித்தனமா என்று கேட்டால், இல்லை. நாஜிகள் கையில் ஜிப்சி மக்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் மாண்டார்கள். ஆனால் ஆக்கிரமிக்கப்பட்ட பாரிஸில் ஜாஸுக்கு என்றுமில்லாத மவுசு. 1940இல் அவர் பதிவுசெய்த ‘நுவாஜ்’ ஊர் முழுக்க ஒலித்தது. அவர் ரசிகர்களில் ஜெர்மன் விமானப்படை அதிகாரி ஒருவரும் உண்டு. 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்று பிடிபட்டார். மறுபடி முயன்றார், சுவிஸ் காவலர்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1944 ஆகஸ்டு 25இல் பாரிஸ் விடுதலையானபோது அவர் உயிரோடு இருந்தார். அதை அதிர்ஷ்டம் என்பதா, கிட்டார் என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

1945 ஜனவரியில் மில்லர் குழுவின் சில பேர் ஒரு பதிவுக்குக் கூடினார்கள். பவல், ஹக்கோ, மெக்கின்லி, டிரம்பெட்டில் பெர்னி பிரிவின், பாஸில் ஜோ ஷுல்மன். வழக்கமாக மாஸ்ட்ரென் உட்காரும் கிட்டார் நாற்காலியில் அன்றைக்கு ஜாங்கோ. இசைத்தட்டில் அச்சான பெயர் ‘ஜாஸ் கிளப் மிஸ்ட்ரி ஹாட் பேண்ட்’. ‘ஹவ் ஹை தி மூன்’ பாட்டைக் கேளுங்கள். மற்றவர்கள் வாசிக்கும்போது ஜாங்கோவும் நாலு தட்டுதான் தட்டுகிறார். ஆனால் பொறுமை இல்லை. நடுநடுவே தந்தி சிலிர்த்துக்கொள்கிறது. அவருடைய முறை வந்ததும் கயிறு அவிழ்த்த கன்றுக்குட்டிதான்.

அதே வருடம் நவம்பரில், போர் முடிந்து கப்பலுக்குக் காத்திருந்த காலத்தில், அமெரிக்க விமானப் போக்குவரத்துப் பிரிவின் ராணுவ பிக் பேண்டு அவரை நடுவில் உட்காரவைத்துப் பாரிஸில் பதிவு செய்தது. மூன்று கிட்டார், ஒரு வயலின், ஒரு பாஸ் என்று பழகியவருடைய ‘ஜாங்கோலஜி’ இப்போது முழுப் பித்தளைப் படையோடு. எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசிக்கும் சிப்பாய்கள், தாளே படிக்கத் தெரியாத நடுநாயகர். டிரம்பெட்டுகள் முழங்கி ஓயும் இடைவெளிகளில் அவர் நுழைகிறார். ராணுவக் குழுவில் கிட்டார் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றது என்றால் அந்தப் பதிவைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் போர்நாள்களில் தினம் தினம் வேலை பார்த்தது மாஸ்ட்ரெனின் கிட்டார்தான். ஜாங்கோ 1953இல், 43 வயதில் இறந்தார். அவரைப் பற்றிப் புத்தகங்களும் திரைப்படங்களும் வந்தன, இன்னும் வருகின்றன. மாஸ்ட்ரென் ஊர் திரும்பி நியூயார்க்கில் என்பிசி ஒலிப்பதிவுக் கூடங்களில் பல வருடம் சம்பளத்துக்கு வாசித்து, 1981இல் காலமானார். யாரும் படம் எடுக்கவில்லை.

மில்லரின் ராணுவக் குழுப் பதிவுகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஒருமுறை டிரம்பெட்டுகளை விட்டுவிட்டு, டிரம்ஸுக்கும் பாஸுக்கும் நடுவே காதை வைத்துக் கேட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் எதிரணிக்குப் போகிறோம்: ஜாஸைத் திட்டிக்கொண்டே பெர்லினில் கோயபல்ஸின் ஆட்கள் நடத்திய ஒரு ஜாஸ் குழு.